எட்டாவது ஆச்சு

பழைய தோணித்துறையில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சுமையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. தோள் கொடுக்காமல் தள்ளி நிற்கிற ஒருவன் கேட்பான்: "ஆச்சா?" முதல் மூலைக்காரன் "ஆச்சு" என்பான். அடுத்தவன் "ஆச்சு". இப்படி எட்டுக் குரலும் வந்த பிறகுதான் "தூக்கு." ஒரு குரல் வராவிட்டால் தூக்கு கிடையாது. ஏன் வரவில்லை என்று யாரும் வைவதும் கிடையாது. தோள்துண்டு நழுவியிருக்கும், காலில் ஆணி ஏறியிருக்கும், காலையில் பெண்டாட்டியோடு போட்ட சண்டையில் நெஞ்சு இன்னும் படபடத்துக்கொண்டிருக்கும். அவனுக்கு ஆகவில்லை, அவ்வளவுதான். ஆகிறவரைக்கும் நிற்பார்கள்.

கேட்கிறவனுக்குக் குரல்காரன் என்று பேர். சங்கிலிமாடன் அந்தத் துறையில் பத்தொன்பது வருஷம் குரல்காரனாக இருந்தான். பெரிய கப்பல்களுக்கெல்லாம் இரும்புக் கை வந்து மனிதத் தோளை விரட்டியடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. தீவுகளுக்குப் போகிற தோணிகளிடம் மட்டும் அந்தக் கை எட்டவில்லை. துறை குறுகல், கரைக்கும் தோணிக்கும் நடுவே கிடக்கிற பலகை ஒரு ஆள் அகலம். அங்கே இன்னும் மூங்கில் தண்டும் மனிதத் தோளும்தான்.

சுமை தோளில் ஏறிய பிறகு குரல்காரன் வாய் ஓயக் கூடாது. பேச்சு நின்றால் கால் அடிகளை எண்ண ஆரம்பிக்கும். எண்ண ஆரம்பித்தால் சுமை இரண்டு மடங்காகும். அதனால் மாடன் எதையாவது பேசிக்கொண்டே கூட நடப்பான். தோணி முதலாளியின் தொந்தி, சோதனை அதிகாரியின் தொப்பி, முந்தின நாள் மழையில் ஒழுகிய தன் கூரை, வாயில் வந்ததெல்லாம் கதை. ஆனால் சிரிக்க வைக்கிற கடைசி வரியை மட்டும் விடமாட்டான். மாட்டின் வாலைப் பிடித்த மாதிரி இறுகப் பிடித்துக்கொண்டு வந்து, 'எறக்கு' சொல்லிச் சுமை தரையைத் தொட்ட பிறகு அவிழ்த்துவிடுவான். எட்டுப் பேரும் குத்தவைத்துச் சிரிப்பார்கள். சிரித்தால் மூச்சு உடையும், மூச்சு உடைந்தால் முட்டி மடங்கும். இது அங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

அப்படி ஒரு நாள் அவன் பேசிக்கொண்டு போனதைக் கேட்டுத்தான் சங்குமணி வானொலியில் நிகழ்ச்சி தயாரிக்கிற பெனிட்டா அவனைக் கூட்டிப் போனாள். முதல் நாள் எழுதிய தாளைக் கையில் கொடுத்தாள். மாடன் முப்பத்தெட்டு வயதில், தொழிலாளர் பள்ளியில் எழுத்துப் படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். நகைச்சுவையை எழுத்துக் கூட்டி வாசித்தால் அது ஊசிப்போன சாம்பார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஒலிவாங்கிக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேர் சுமையோடு நிற்பதாக நினைத்துக்கொண்டு பேசினான். அன்றிலிருந்து நாலு வருஷம், தினமும் காலை பதினோரு மணிக்கு அரை மணி நேரம் 'பதினோரு மணிக் கூத்து'. என்ன பேசப்போகிறோம் என்று ஒரு நாளும் தெரிந்து உட்கார்ந்ததில்லை.

ஊரில் பாதிப் பேர் அதைச் செவிமணியில் கேட்டார்கள். செவிமணி என்பது காதுக்குள் உட்கார்கிற சோளமணி அளவுப் பொருள். துறையிலும் உப்பளத்திலும் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியிலும் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒப்பந்தக் கம்பெனியே மாட்டிவிட்டது. வேலை உத்தரவு அதில்தான் வரும். காலையில் மாட்டினால் சாயங்காலம் வரை கழற்றக் கூடாது. கழற்றினால் அன்றைக்கு வேலைக்கு வராத கணக்கு. உத்தரவு இல்லாத நேரத்தில் வானொலி பாடிக்கொண்டிருக்கும்.

கடைசி வரிக்கு நிலையத்தில் வெடி என்று பேர் வைத்திருந்தார்கள். போன தை மாதம் பெனிட்டா அவனை உட்காரவைத்து ஒரு சங்கதி சொன்னாள். இனி எல்லாருக்கும் வெடி ஒரே நேரத்தில் போகாது. கேட்கிறவர் மூச்சைச் செவிமணி பார்த்துக்கொண்டே இருக்கும். அவரவர் மூச்சுக்கு ஏற்ற நேரத்தில் அவரவருக்கு வெடி போகும்.

"அதுவரைக்கும் அவங்க என்ன கேப்பாங்க?" என்றான் மாடன்.

"உங்களைத்தான் அண்ணாச்சி. நாலு வருசமா நீங்க பேசுனது எல்லாம் எங்ககிட்ட இருக்கு. 'அட கேளுங்க', 'அப்புறம் என்னாச்சுன்னா', இப்படி நீங்க இழுக்கிற இழுப்பெல்லாம் இருக்கு. மெஷின் அதை வச்சு நீட்டிக்கும். சிரிப்புன்னா என்ன? அடைச்சு வச்ச மூச்சு உடையறதுதானே. மூச்சு அடைச்சிருக்கப்ப வெடி போச்சுன்னா சிரிக்காம இருக்கவே முடியாது."

பேருந்தில் நெரிசலில் நிற்கிற டீச்சரை உதாரணம் சொன்னாள். ஊசி போட்டுக்கொள்ளக் கை நீட்டியிருக்கிற நோயாளியைச் சொன்னாள். மாடனுக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. மூச்சை அடைத்துக்கொண்டு நிற்கிற நேரம் எது என்று அந்த ஊரில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? பத்தொன்பது வருஷம் அதைத்தானே பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் அன்றைக்கு அவன் புத்தியில் டீச்சர்தான் நின்றாள். துறை நிற்கவில்லை.

ஒரு மாதத்தில் சிரிப்பு இரண்டு பங்கானது என்றார்கள். நிகழ்ச்சியின் துவக்கத்துக்குப் புதிதாக ஒரு சிரிப்பொலி சேர்த்தார்கள். கேட்கிறவர்கள் சிரித்ததைச் செவிமணி பதிந்துவைத்ததில் தேடியெடுத்த சிரிப்பாம். அடிவயிற்றிலிருந்து குபீரென்று கிளம்பி, உச்சியில் பட்டென்று நிற்கும், பிறகு சங்கொலி வரும். மாடன் தினமும் அதைக் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தான். எங்கேயோ கேட்ட சிரிப்பு மாதிரி இருந்தது. சிரிப்பு எல்லாம் அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டான்.

சவரிமுத்து விழுந்த செய்தி அவனுக்கு வர ஒன்பது நாள் ஆனது. சேர்ந்து சுமை தூக்குகிற எட்டுப் பேர் ஒரு ஜமா; மாடனின் பழைய ஜமாவில் சவரி எட்டாவது ஆள். பின்பக்கம், இடது கை மூலை. பலகை சரிகிற இடத்தில் மொத்தப் பாரமும் கடைசியாக வந்து இறங்குகிற மூலை அது. சேதி கொண்டுவந்தது முதல் மூலைக்காரர் பிச்சையா. அரைவை இயந்திரம் ஒன்றைத் தோணிக்கு ஏற்றும்போது பலகையில் சவரியின் முட்டி மடங்கியிருக்கிறது. தண்டு சுழன்று, இயந்திரம் இடுப்பில் உட்கார்ந்துவிட்டது. உயிர் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே இல்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்தான் என்று கம்பெனி எழுதிவிட்டது. சவரி நாற்பது வருஷத்தில் பூசைத் திராட்சைரசம் தவிர வேறு தொட்டதில்லை என்பது துறைக்கே தெரியும்.

ஆஸ்பத்திரியில் சவரி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பெண்டாட்டி லூர்து, மாடனைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டாள். ஏன் போகிறாள் என்று அவனுக்கு அப்போது விளங்கவில்லை.

வெகுநேரம் சவரி தோணியைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசினான். பிறகு, ஏதோ திருடியதை ஒப்புக்கொள்கிறவன் போல மெல்லச் சொன்னான்.

"சிரிச்சிட்டேன் மாப்ள."

மாடன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அந்தத் தொப்பிக் கதை. அதிகாரி தொப்பிக்குள்ள கோழி முட்டை போட்டுச்சின்னு நீ ஆரம்பிச்சே. நாங்க அப்பத்தான் குனியுதோம். நீ இழுத்துக்கிட்டே போறே. பலகையில ஏறியாச்சி. எனக்குத்தான் நெஞ்சு சளியா, இவனுவள மாதிரி விட்டு விட்டு மூச்சு விட வராது. ஒரே அடைப்பா அடைச்சிக்கிட்டுத்தான் நடப்பேன். பலகை நடுவுல வச்சு நீ சொல்லிட்டே, 'சல்யூட் அடிச்சா ஆம்லேட்டு'ன்னு." சவரியின் உதடு கோணியது. இப்போதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பு இல்லாத சிரிப்பு, தொண்டையோடு நின்றது. "நீ அப்படிச் சொல்ல மாட்டியேன்னுதான் மாப்ள யோசிச்சேன். பாரம் மேல இருக்கப்ப மாடன் அவுக்க மாட்டானேன்னு. யோசிக்கிறதுக்குள்ள சிரிச்சிட்டேன்."

இதைக் கம்பெனியில் சொன்னாயா என்று மாடன் கேட்டான்.

"சிரிச்சதுக்கு எவன் கேசு எழுதுவான்?" என்றான் சவரி. "குடிச்சேன்னா நம்புதான். சிரிச்சேன்னா பைத்தியம்பான்."

மறுநாள் காலையில் மாடன் நிலையத்துக்குப் போனபோது ஒலிபரப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. துவக்க இசையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். குபீரென்று அந்தச் சிரிப்பு. உச்சியில் பட்டென்று நின்றது. பத்தொன்பது வருஷம் பின்னிடது மூலையிலிருந்து கேட்ட சிரிப்பு அது. சளியும் சேர்ந்து குலுங்குகிற சிரிப்பு.

அதை வெட்டாமல் போடச் சொன்னான். பெனிட்டா தேடி எடுத்தாள். பத்து நாளைக்கு முன்னால், பதினொன்று நாற்பத்திரண்டு என்றாள். அரை மணிக் கூத்து எப்படி நாற்பத்திரண்டு வரை போகும் என்று அவன் கேட்கவில்லை. அந்த மூச்சு அடைபடும் வரை மெஷின் அவன் குரலை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மாதத்திலேயே மிகப் பெரிய சிரிப்பு என்று மெஷினே குறித்து வைத்திருந்தது. சிரிப்பு முடிகிற இடத்தில் பலகை முறிகிற ஓசை, பிறகு மூங்கில், பிறகு எதற்கும் பேர் வைக்க முடியாத ஒரு சத்தம். அதற்கு முன்னால்தான் வெட்டியிருந்தார்கள். வெட்டியது மனிதர் இல்லை. சிரிப்பு முடிந்த இடம் இது என்று மெஷின் வெட்டிக் கொடுத்தது, இவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

பெனிட்டா ஒலியை நிறுத்தினாள். அவளும் துறைக்கு அருகே பிறந்தவள்தான். தனக்குத் தெரியாது என்றாள். அந்தத் துவக்கச் சிரிப்பை அன்றைக்கே எடுத்துவிடுவதாகச் சொன்னாள், எடுத்தும்விட்டாள். மூச்சுப் பார்க்கிற மெஷினை நிறுத்துவது மட்டும் தன் கையில் இல்லை என்றாள்.

"நீங்க ஒண்ணு செய்யலாம் அண்ணாச்சி. நாலு நாள் லீவு போடுங்க."

"நான் லீவு போட்டா அது பேசாதா?"

"பேசும் அண்ணாச்சி."

உள்ளதைக் காற்றில் சொல்லிவிடலாமா என்று மாடன் அன்று முழுக்க யோசித்தான். சொன்னால் அது எப்போது யார் காதில் போய் விழும்? மெஷின் வைத்த நேரத்தில். எவனாவது பலகை நடுவே மூச்சடைத்து நிற்கும்போது, சவரி விழுந்தான் என்கிற சேதி அவன் காதில் விழும். அதிர்ச்சிக்கும் முட்டி மடங்கும். என்ன பேசினாலும் அந்த மெஷின் அதன் வாலை எடுத்துப் பாரத்தின் அடியில் நிற்கிறவனிடம் நீட்டும். அப்படியானால் பாரத்தின் அடியில் நிற்கிறவனுக்குச் சொல்ல வேண்டியது என்ன? பத்தொன்பது வருஷம் அவனுக்குச் சொன்ன கடைசிச் சொல் ஒன்று உண்டு. இரவில் மாடனுக்கு அது பிடிபட்டது.

மறுநாள் அவன் ஒரு புதுக்கதை ஆரம்பித்தான்.

"நம்ம துறையில ஒருத்தன் இருந்தான். மூட்டையத் தலையில வச்சிக்கிட்டு, எங்க எறக்கணும்னு கேட்டான். அதுக்குச் சீட்டு வாங்கணும்னாரு ஒருத்தரு. சீட்டுக்காரரு, படம் ஒட்டணும்னாரு. படம் பிடிக்கப் போனான். படம் பிடிக்கிறவன் சொல்லுதான், மூட்டையக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க, அதுதான் நேரா தெரியுது. அப்படியே மூட்டையோட பொண்ணு பாக்கப் போனான். மாப்பிள்ளைக்கு நல்ல உசரம்னு மாமனாருக்கு ஒரே சந்தோசம். காப்பி குடுத்தாங்க, பஜ்ஜி குடுத்தாங்க, கால் வலிக்குமேன்னு பாய் போட்டாங்க. ஒருத்தர் வாயிலயும் அது வரல. கடைசியில திரைக்குப் பின்னால இருந்து பொண்ணு சொல்லுச்சி: எறக்குவே."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த நாள் அதே மூட்டைக்காரன் வைத்தியரிடம் போனான், கழுத்துவலிக்கு மூன்று வேளை மாத்திரை வாங்கினான். வாசல் கூட்டுகிற கிழவர் சொன்னார், எறக்குவே. மூன்றாம் நாள் தேர்தலுக்கு நின்றான். மூட்டைதான் ஜெயித்தது. நாலாம் நாள் தெருவில் பிள்ளைகள் பள்ளிப் பையைத் தூக்குகிறவனைப் பார்த்து எறக்குவே என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே சிரிக்கிறது ஊர் என்று மெஷினும் படித்துக்கொண்டது. வெடி இது, மூச்சடைக்கும்போதெல்லாம் போடலாம் என்று குறித்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் மாடன் கதையை அப்படியேதான் சொன்னான். கடைசிச் சொல்லை மட்டும் கதைக் குரலில் சொல்லவில்லை. துறைக் குரலில் சொன்னான். நீளமாக இழுத்து, பாதியில் தாழ்த்தி, கடைசி எழுத்தைத் தரையில் வைக்கிற குரல்.

"எறக்கு…வே."

மெஷினுக்கு இரண்டு குரலும் ஒன்றுதான்.

அன்று காலை துறையில் என்ன நடந்தது என்பதைப் பிச்சையா பிறகு சொன்னார். எட்டுப் பேரும் குனிந்து, மூச்சடைத்து, சுமை தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியதும் எல்லார் காதிலும் மாடன். கை தானாக இறங்கிவிட்டது. மறுபடி குனிந்தார்கள். மறுபடி அதே குரல். பக்கத்துப் பலகையிலும் அப்படி. உப்பளத்திலும், கிட்டங்கியிலும், ஊரில் எங்கெங்கே ஒருவன் பாரத்துக்கு மூச்சடைத்தானோ அங்கெல்லாம் அவன் காதுக்குள் மாடன் வந்து இறக்கச் சொன்னான். சிலர் சிரித்தார்கள். சிரித்தபோது சுமை தரையில் இருந்தது. மத்தியானத்துக்குள் துறை ஓய்ந்துவிட்டது. ஐந்து தோணி பாய் விரிக்கவில்லை.

மாடன் திட்டை எதிர்பார்த்துத்தான் மேலாளர் அறைக்குப் போனான். அவர் எழுந்து நின்று வரவேற்றார். தேநீர் வரவழைத்தார். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் ஒப்பந்தக் கம்பெனி ஆட்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்திலும் கோபம் இல்லை. புதையல் இருக்கிற இடத்தைக் கண்டவர்கள் மாதிரி இருந்தார்கள்.

"உங்க ஒரு சொல்லுக்கு நாலாயிரம் பேர் கை ஒரே மாதிரி அசைஞ்சிருக்கு," என்றார் மேலாளர். "மூச்சு அடைச்ச நேரத்துல போற சொல்லு மூளைக்குப் போறதில்லை, நேரா கைக்குப் போகுது. இது எங்களுக்கே தெரியாது. நீங்கதான் காட்டினீங்க."

நிகழ்ச்சியை நிறுத்திவிட்டதாக மரியாதையாகச் சொன்னார். நாலு வருஷக் குரல் நிலையத்துக்குச் சொந்தம் என்று காகிதத்தை எடுத்துக் காட்டினார். அடியில் சங்கிலிமாடன் என்று கோணல் கோணலாக அவன் கையெழுத்து. வானொலியில் சேர்ந்தபோது, எழுதக் கற்ற புதிதில் போட்டது. தன் பேரைத் தானே எழுதுகிற பெருமையில் அன்று கை வியர்த்தது இன்னும் நினைவிருக்கிறது. மேலே இருப்பதைப் புரிந்து வாசிக்கக் கற்றுக்கொள்ள அவனுக்கு அதற்குப் பிறகு ஆறு மாதம் ஆனது. கையெழுத்து முந்திக்கொண்டது.

இரண்டு வாரம் வீட்டில் கிடந்தான். ஒரு காலை பிச்சையா வந்து கூப்பிட்டார். சவரி இடத்தில் இதுவரை இரவல் ஆளை வைத்து ஓட்டியாயிற்று, இனி இரவல் கிடையாது, புது ஆளை ஜமா ஏற்கவில்லை, எட்டுப் பேர் இல்லாவிட்டால் ஏழு பேருக்கும் வேலை இல்லை என்கிறான் கம்பெனிக்காரன் என்றார். குரல்காரன் வேலை இனி யாருக்கும் இல்லையாம். செவிமணியே சொல்லிவிடுகிறது.

"யாரு குரல்ல?" என்றான் மாடன். தெரிந்துதான் கேட்டான்.

"உன் கொரலுதாம்ல. 'தூக்கு'ங்குது. காது கேக்கதுக்கு முந்திக் கை போயிருது." பிச்சையா வலது தோளைத் தடவிக்கொண்டார். அங்கே கட்டுப் போட்டிருந்தது. "ஒரு வாரமா எல்லா ஜமாவும் இரட்டைச் சுமை ஏத்துது. நாலு பேருக்குத் தோளு இறங்கிப்போச்சி. ஆனா ஒண்ணு மாடா. அது கேக்காம சொல்லுது. நீ ஒரு நாளும் கேக்காம சொன்னதில்லியே."

மாடன் மறுநாள் போனான். காதில் செவிமணி மாட்டிவிட்டார்கள். பின்னிடது மூலையில் சவரியின் தோள் தேய்த்து வழவழப்பாக்கிய தண்டு. பத்தொன்பது வருஷம் அந்த இடத்தை வெளியே நின்று பார்த்தவன், முதல் முறையாக அதற்கு அடியில் போய்க் குனிந்தான். எதிரே கயிறு கட்டிய ஜெனரேட்டர். அதைத் தாண்டிப் பலகை. பலகையில் ஒரு சட்டம் மட்டும் புதுசாக, வெள்ளையாக இருந்தது.

"தூக்கு," என்றது காதுக்குள் அவன் குரல்.

நல்ல நாள் ஒன்றின் குரல். எந்தக் கதையில் சொன்னது என்றுகூட அவனுக்கு ஞாபகம் வந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் தூக்கச் சொன்ன கதை. கை தண்டை இறுக்கியது, அவனைக் கேட்காமலே. முதுகில் நரம்பு எழுந்தது. தன் குரலுக்குத் தன் உடம்பே இப்படி ஓடுமென்று அவன் நினைத்ததில்லை. மூச்சு அடைக்கப் பார்த்தது. அவன் அதை விட்டான். இழுத்தான், விட்டான்.

முன் மூலையில் பிச்சையா குனிந்தபடியே இருந்தார். அவருக்கும் அதே குரல் போயிருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் தூக்கவில்லை. சுமையைப் பார்த்துச் சொன்னார்.

"ஆச்சு."

யாரும் கேட்காத கேள்விக்கு அந்தப் பதில் வந்தது. இரண்டாமவன் ஒரு கணம் திகைத்து, "ஆச்சு" என்றான். மூன்று. நாலு. நடுவில் காதுக்குள் மறுபடி தூக்கு, கொஞ்சம் சத்தமாக. ஐந்தாமவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆச்சு என்றான். ஆறு. ஏழு.

பிறகு அவன் முறை.

ஒரு சொல்தான். சொன்னால் இயந்திரம் ஏறும், தோணி கிளம்பும், ஏழு வீட்டில் அடுப்பு எரியும். சொல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் இன்னொரு எட்டுப் பேரைக் கொண்டுவருவார்கள். எல்லாம் அவனுக்குத் தெரியும். பேசியே பிழைத்தவன், எந்த நேரத்திலும் எதற்கும் ஒரு சொல் வைத்திருந்தவன். காதுக்குள் அவனுடைய குரல் தூக்கு, தூக்கு என்று அவனையே ஏவிக்கொண்டிருந்தது.

"எட்டு?" என்றார் பிச்சையா, திரும்பாமல்.

மாடன் வாயைத் திறக்கவில்லை.

ஏன் வரவில்லை என்று யாரும் வையவில்லை. ஏழு பேரும் தண்டிலிருந்து கையை எடுக்காமல், தூக்காமல், நின்றார்கள். கம்பெனி மேஸ்திரி ஓடிவருகிற செருப்புச் சத்தம் கேட்டது. அவன் வந்து சேருமுன் பக்கத்துப் பலகையில் ஒருவன் ஆச்சு என்கிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொருவன். மாடன் தலை நிமிராமல் எண்ணினான். அங்கே எட்டுப் பேரும் முழுசாக இருந்தார்கள், யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

அங்கேயும் ஆச்சு ஏழோடு நின்றது.